மோட்டார்ஹோமில் டிவி: போன கேம்பில் வந்தது, இங்கே வர மாட்டேன் என்கிறது

சக்கரவீடு கேட்டது:

வணக்கம். பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். கூரைமேல் ஏற்றி இறக்கும் ஆன்டெனா இருக்கிறது. உள்ளே உள்ள கைப்பிடியைச் சுற்றினால் மேலே எழும்பும், வளையத்தைத் திருப்பினால் திசை மாறும். போன கேம்பில் எல்லா சேனலும் பளிச்சென்று வந்தன. இப்போது நிற்கிற இடத்தில் சுற்றிலும் மரம், ஒரு பக்கம் மேடு. ஸ்கேன் போட்டால் நாலைந்து சேனல்தான் மாட்டுகிறது. அதிலும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, சத்தம் விட்டு விட்டு வருகிறது.

பூஸ்டர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் என் கணவர். டிஷ்ஷே வாங்கிவிடலாம் என்பது என் கட்சி. ராத்திரி செய்தி பார்க்காவிட்டால் மாமியாருக்குத் தூக்கம் வராது, அதனால் கொஞ்சம் அவசரம். எது சரி?

கூரையேறி எழுதியது:

வீட்டுக் கூரைகளில் ஆன்டெனா மாட்டுவதுதான் பல வருஷம் என் பிழைப்பு. இப்போது என் வண்டியின் கூரையோடு சரி. பூஸ்டர் பேச்சை முதலில் ஓரம்கட்டி வையுங்கள். ஆன்டெனாவுக்கு வராத சிக்னலை எந்த பூஸ்டராலும் உண்டாக்க முடியாது. வந்ததைப் பெரிதாக்கும், கூடவே இரைச்சலையும் பெரிதாக்கும். நீள கேபிளில் வீணாகும் சிக்னலை ஈடுகட்டத்தான் அது.

அதைவிட முக்கியம், உங்கள் வண்டியில் ஏற்கெனவே ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். டிவி கேபிள் செருகும் சுவர் சாக்கெட்டைப் பாருங்கள். பக்கத்தில் குட்டி பட்டனும் சின்ன விளக்கும் இருந்தால், ஆன்டெனா தலையில் உள்ள பூஸ்டருக்கு 12 வோல்ட் அனுப்பும் ஸ்விட்ச் அது. அணைந்திருந்தால் பூஸ்டர் சும்மா இருக்காது, வருகிற சிக்னலையும் மறித்துக்கொண்டு நிற்கும். நேர்மாறாக, டவர் பக்கத்திலேயே இருந்தால் அதை அணைத்தால்தான் படம் வரும்.

அடுத்து திசை. டவர் எந்தப் பக்கம் என்று ஃபோனில் ஆப் காட்டும். ஆனால் நான் நம்புவது பக்கத்து ஊர்க் கூரைகளைத்தான். நாலு வீட்டு ஆன்டெனா ஒரே பக்கம் பார்த்தால் டவர் அங்கேதான். அப்போதே இன்னொன்றையும் கவனியுங்கள்: குச்சிகள் படுத்திருக்கின்றனவா, நிமிர்ந்து நிற்கின்றனவா? பல நாடுகளில் பெரிய டவர்கள் படுக்கை வாட்டத்தில் அனுப்பும். மேட்டு மறைவில் உள்ள ஊர்களுக்காக வைத்த சின்ன டவர்கள் பல நேரம் செங்குத்தாக அனுப்பும். அனுப்புவது நிமிர்ந்தும் உங்கள் குச்சி படுத்தும் இருந்தால், கிடைக்க வேண்டியதில் நூறில் ஒரு பங்குக்கு வந்துவிடலாம். திசை எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை.

திருப்பும்போது ஸ்கேன் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு சேனலை வைத்துக்கொண்டு டிவி மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறங்கள். இரண்டு பட்டை இருக்கும். ஒன்று வலிமை, ஒன்று தரம். தரத்தை மட்டும் பாருங்கள். வலிமை நிரம்பி வழிந்தும் தரம் தரையில் கிடந்தால் வருவது சிக்னல் இல்லை, இரைச்சல். அந்த நேரத்தில் வண்டிக்குள் மலிவான எல்.இ.டி. விளக்கு, யு.எஸ்.பி. சார்ஜர், சோலார் கன்ட்ரோலர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பாதிப் புகார்கள் அதிலேயே தீர்ந்துவிடும். திசை படிந்த பிறகு ஒரே ஒரு முறை முழு ஸ்கேன்.

அதற்கும் மசியவில்லை என்றால் வண்டியையே ஒன்றிரண்டு மீட்டர் நகர்த்துங்கள். சிரிக்க வேண்டாம். 600 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் அரை மீட்டர்தான். மேட்டிலும் மரத்திலும் பட்டுத் திரும்பும் அலை நேர் அலையோடு மோதும் இடத்தில் சிக்னல் செத்திருக்கும், நாலடி தள்ளினால் உயிரோடு இருக்கும்.

சக்கரவீடு எழுதியது:

மிக்க நன்றி சார். பட்டன் இருக்கிறது, விளக்கும் எரிகிறது. கணவர் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்: இங்கே வீடுகளில் எல்லாக் குச்சியும் நிமிர்ந்தே நிற்கிறதாம்! எங்கள் ஆன்டெனா தட்டையாகப் படுத்திருக்கிறது, நிமிர்த்த வழியில்லை. அப்படியென்றால் டிஷ்தானா?

இணையவாசி எழுதியது:

இந்தக் காலத்தில் ஆன்டெனாவா? கூரையில் ஒரு 4ஜி ஆன்டெனா, உள்ளே சிம் ரவுட்டர். முடிந்தது கதை. வண்டியின் தகர உடம்புக்குள் ஃபோனை வைத்துக்கொண்டு நெட் வரவில்லை என்று புலம்பாமல், ஆன்டெனாவை வெளியே வையுங்கள். எச்.டி.யில் மணிக்கு 3 ஜி.பி. வரை போகும், தரத்தைக் குறைத்தால் ஒரு ஜி.பி.க்குள் அடங்கும்.

கூரையேறி எழுதியது:

தம்பி சொல்வதில் தப்பில்லை. ஆனால் மேட்டு மறைவில் டிவி டவர் தெரியாத இடத்தில் ஃபோன் டவரும் பெரும்பாலும் தெரியாது. கேம்ப் வைஃபையோ சாயங்காலம் ஏழு மணியானால் அத்தனை வண்டிக்கும் பங்கு. மாமியார் செய்தி பார்ப்பதும் அந்த நேரத்தில்தான்.

அம்மா, டிஷ்ஷுக்கு முன் மலிவான வழி ஒன்று இருக்கிறது. மீன்முள் மாதிரி இருக்குமே, அந்தச் சின்ன லாக் பீரியாடிக் ஆன்டெனா ஒன்று வாங்குங்கள். குச்சிகள் நிமிர்ந்து நிற்கும்படி ஒரு கம்பத்தில் கட்டி, வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். அதற்குப் போடும் கேபிள், டிவிக்கென்றே வரும் 75 ஓம் வகையாக இருக்கட்டும். கூரை ஆன்டெனாவின் வயரைக் கழற்றிவிட்டு இதை நேரே டிவியில் செருகிப் பாருங்கள்.

டிஷ் வாங்குவதானால் கூரையில் பதிக்கும் குமிழ் வகையைவிட முக்காலியில் நிற்கும் 60 செ.மீ. டிஷ்ஷைத்தான் நான் சொல்வேன். தானியங்கிக் குமிழ் சொகுசுதான், பட்டனைத் தட்டினால் தானே தேடிக்கொள்ளும். ஆனால் வண்டி நிழலில் நின்றால் அதுவும் நிழலில்தான் நிற்கும், டிஷ்ஷுக்கு இலை ஆகாது. அதுவும் மழையில் நனைந்த இலை என்றால் சிக்னலை முழுங்கிவிடும். முக்காலியை மட்டும் வெட்டவெளிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு நீங்கள் நிழலில் இருக்கலாம்.

டிவி செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில், நம் கண்ணுக்கு நகராமல் நிற்கின்றன. நீங்கள் ரேகைக்கு வடக்கே இருந்தால் தெற்கு வானம் திறந்திருக்க வேண்டும், தெற்கே இருந்தால் வடக்கு வானம். ரேகையை விட்டு விலக விலக செயற்கைக்கோள் வானத்தில் தாழ்ந்துகொண்டே போகும், சின்ன மரமும் குறுக்கே நிற்கும். உங்கள் மேடு எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். அந்தப் பக்கமே மேடு என்றால் டிஷ்ஷும் வேலைக்காகாது.

திசைக்கு காம்பஸ் போதும், ஆனால் வண்டியின் இரும்பை விட்டுத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். நான் சூரியனை வைத்துத்தான் பிடிப்பேன். இன்று சூரியன் அந்தச் செயற்கைக்கோளின் திசைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று டிஷ் ஆப் சொல்லும். அந்த நிமிஷத்தில் முக்காலிக் கம்பத்தின் நிழல் எங்கே விழுகிறதோ அதற்கு நேர் எதிர்த்திசையில் திருப்பினால் தீர்ந்தது. முக்காலிக் கம்பம் செங்குத்தாக நிற்க வேண்டும், ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். டிஷ் நேராக நிற்பது போலத் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். எல்.என்.பி. (டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கும் முனைப் பெட்டி) கீழே தள்ளி இருக்கும் வகை, நேராக நின்றபடியே இருபது டிகிரிக்கு மேல் அண்ணாந்து பார்க்கும். டிஷ் சிக்னலைப் பிடிக்கும் அகலம் மூன்று டிகிரிக்கும் குறைவு. அதனால் விரல் அகலம் நகர்த்தி, சில விநாடி பொறுத்து, பிறகு அடுத்தது. அவசரமாகச் சுழற்றினால் பாக்ஸ் சிக்னலைப் பிடிப்பதற்குள் அது தாண்டிப் போயிருக்கும். பிடித்ததும் முக்காலிக் காலில் தண்ணீர்க் கேனைத் தொங்கவிடுங்கள், காற்றுக்கு அசையாது.

எல்லை தாண்டிப் போகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். செயற்கைக்கோள் ஒரு பகுதியை நோக்கி அனுப்பும் கற்றையைத்தான் பீம் என்பார்கள், ஒவ்வொரு பீமுக்கும் ஓர் எல்லை உண்டு. 28.2 டிகிரி கிழக்கில் நிற்கும் ஆஸ்ட்ரா செயற்கைக்கோள்களில் இருந்து வரும் பிரிட்டன் பீம், ஸ்பெயினின் தெற்கே போனால் 60 செ.மீ.க்கு எட்டாது.

சக்கரவீடு எழுதியது:

மேடு தெற்கே இல்லை, மேற்கே. எதற்கும் முதலில் மீன்முள்ளை வாங்கிக் கட்டிப் பார்க்கிறோம். கூரை ஆன்டெனாவை இறக்கிவிடவா, அப்படியே இருக்கட்டுமா?

கூரையேறி எழுதியது:

இப்போதே இறக்கிவிடுங்கள். இனி அதை ஏற்றும்போதெல்லாம் வண்டிச் சாவியைக் கைப்பிடியில் மாட்டி வையுங்கள். இறக்காமல் வண்டியை எடுக்கவே முடியாது.