புதுப்பிப்பு: அம்மாவின் கார்டிசால் பரிசோதனை

அம்மாவுக்குக் காலை நேர கார்டிசால் (அட்ரீனல் சுரப்பியில் சுரக்கும் ஹார்மோன்) பரிசோதனை எழுதியிருக்கிறார்கள், எப்படி இருக்கும் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முடிந்துவிட்டது.

அடையாறில் பக்கத்து லேபில் காலை 8 மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். நேரம்தான் முக்கியம். கார்டிசால் விடியற்காலையில் ஏறி, நள்ளிரவு வாக்கில் அடிமட்டத்துக்கு இறங்கும். ரத்தம் எடுத்த பெண், "மூட்டுக்கு ஊசி ஏதாவது போட்டீங்களாம்மா? ஆஸ்துமா பம்ப்? தோலுக்குக் களிம்பு?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். ரொம்பச் சரியான கேள்வி. இவற்றில் ஸ்டீராய்டு இருக்கலாம்; அது எந்த வடிவில் உள்ளே போனாலும் முடிவை மாற்றக்கூடும். அதற்காக டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து.

முடிவு சற்றுக் குறைவாக வந்திருக்கிறது. அடுத்து ஏசிடிஎச் (கார்டிசால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோன்) ஊசி போட்டு, 30, 60 நிமிடங்களில் மறுபடி ரத்தம் எடுப்பார்களாம். அம்மா தைரியமாகத்தான் இருக்கிறார்.