புகையிலையைக் கைவிடத் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை: கடல் தொழிலில் இருப்பவர்களின் அனுபவம் தேவை

கடலூர் முதுநகரிலிருந்து விசைப்படகில் செல்லும் என் தந்தை (வயது 54) நெடுங்காலமாக வெற்றிலை, சீவல், சுண்ணாம்புடன் புகையிலை போட்டு வந்தவர். சென்ற பொங்கலுக்குப் பின், "இது லேசானது" என்று யாரோ சொன்னதை நம்பி, உதட்டிடுக்கில் வைக்கும் புதினா மணப் புகையிலைப் பொட்டலத்துக்கு மாறினார். அந்தக் குளிர்ச்சி எரிச்சலை மறைக்கிறதே தவிர, நிகோடினும் புற்றுநோயூட்டும் நைட்ரோசமைன்களும் அதிலும் இருக்கின்றன; ஆகவே எந்த மணம் தேவலாம் என்ற ஆலோசனை வேண்டாம்.

இடது கன்னத்தின் உட்புறம் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இருக்கிறது. மூன்று விரல் நுழைந்த வாயில் இப்போது இரண்டுதான் நுழைகின்றன. குழம்பின் காரம் தாங்காமல் மோர்ச்சோறே உண்கிறார். புதுச்சேரியில் பார்த்த மருத்துவர் எழுதிக் கொடுத்த சதைப் பரிசோதனை அடுத்த வாரம் நடக்கிறது.

கிராம்பும் ஏலக்காயும் பயன் தரவில்லை. புகையிலையைக் கைவிட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பொறுமையாகவே பேசினார்கள்; ஆனால் அவருக்குக் கை பரபரப்பது இரவுக் காவலின்போது, அங்கே அலைபேசி எடுப்பதில்லை. 2 மில்லிகிராம் நிகோடின் கம்மைச் சற்று மென்று கன்னத்தில் ஒதுக்க வேண்டும் என்றார்கள்; தாடை இறுகியிருப்பதால் அவரால் மெல்லவே முடியவில்லை. எனவே மருத்துவர் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டைக்கு மாற்றினார். வலை இழுக்கும்போது வியர்வையில் அது உரிந்துவிடுகிறது.

கடலுக்குப் போய்க்கொண்டே பட்டை ஒட்டிப் புகையிலையை விட்டவர்கள், அது உரியாதிருக்க உடலில் எங்கே, எப்படி ஒட்டினீர்கள்?