மாசி பெர்குசன் 35: சூடானால் ஸ்டார்ட் ஆகல, வழி சொல்லுங்க

வண்டி மாசி பெர்குசன் 35 டிராக்டர், மூணு சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் இன்ஜின், அதுக்கு டீசலை அழுத்தி அனுப்புற பம்ப் சி.ஏ.வி. டி.பி.ஏ. இடம் பொள்ளாச்சி. ரிப்பேர் வேலை பெயின்ட் வரை முடிஞ்சு ரெண்டு மாசமா இதே தொல்லை.

காலையில் அரை செல்ஃபிலேயே பிடிக்குது. ஒரு மணி நேரம் உழுது நிறுத்தினா அவ்வளவுதான், திரும்ப ஸ்டார்ட்டே ஆகாது. புகைகூட வரல. நாற்பது நிமிஷம் ஆறவிட்டா சமத்தா ஓடும்.

டேங்க் கழுவியாச்சு, ரெண்டு ஃபில்டரும் புதுசு, காப்பர் வாஷர் மாத்தி ஃபில்டர், பம்ப், நாசில் (டீசல் பீய்ச்சுற முனை) நட்டு வரை லைன்ல இருந்த காத்தை வெளியே எடுத்தாச்சு. நுரையே இல்லை. நாசில் மூணும் டெஸ்ட் பண்ணியாச்சு. பேட்டரி, செல்ஃப் நல்லா சுத்துது.

ஒண்ணு கவனிச்சேன்: பம்ப் மேல ஈரச்சாக்கு போட்டு அஞ்சு நிமிஷம் விட்டா உடனே பிடிக்குது. சூட்டில் டீசல் இளகி, பம்புக்குள்ள சுத்துற, தேய்ஞ்ச ரோட்டரில் கசியுதுன்னு சந்தேகம்.

ஹெட் ரோட்டர் (ரோட்டரும் அது உள்ளே சுத்துற ஹெட்டும்) மட்டும் மாத்தினா போதுமா, முழு பம்பையே மாத்தணுமா?