மகளுக்கு முதல் வில்: பழையதை வாங்கலாமா?

வணக்கம் நண்பர்களே. மகளுக்கு 14 வயது, 8 மாதமாகப் பயிற்சி இடத்து வில்லில்தான் எய்கிறாள், அதன் இழுவிசை 20 பவுண்டு. இப்போது தெரிந்தவர் ஒருவர் தன் 68 அங்குல ரிகர்வ் (நுனிகள் முன்பக்கம் வளைந்த) வில்லைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார், ஆனால் லிம்பில் (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதி) 34 பவுண்டு என்று எழுதியிருக்கிறது. அது 28 அங்குலம் இழுத்தால் வருகிற கணக்கு, உங்கள் பெண் 26தானே இழுக்கிறாள், நாலு பவுண்டு குறையும் என்கிறார். குறைந்தாலும் 30 ஆச்சே! தோள்பட்டையை நினைத்தால் பயமாக இருக்கிறது.

நேற்று நாணேற்றிப் பின்னாலிருந்து பார்த்தேன். கைப்பிடிக்கு நேராக ஓடுகிற நாண், கீழ் லிம்பின் நுனியருகே நடுவை விட்டுக் கொஞ்சம் விலகுகிறது. அதே இடத்தில் நகத்துக்குத் தட்டுப்படுகிற மெல்லிய கோடு வேறு. மேல்பூச்சில் விழுந்த கீறலா, விரிசலா, எப்படிக் கண்டுபிடிப்பது?

ரைசர், அதாவது கைப்பிடியுள்ள நடுப்பகுதி, ஐஎல்எஃப் வகை, லிம்பைக் கழற்றி வேறு மாட்டலாம். அதை மட்டும் வாங்கி 20 பவுண்டு லிம்ப் புதிதாகப் போட்டால் சரியாக இருக்குமா? அப்புறம், அவள் வலது கைப் பழக்கம், ஆனால் குறி பார்ப்பதில் இடது கண்தான் முந்துகிறது, ரைசரோ வலது கைக்கானது. இப்படிப் பழகியவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.