குடும்பக் குழு: வண்டிக்கு அடியில் குழாய் இல்லை

நான் (6:41): யாராவது விழித்திருக்கிறீர்களா? வண்டியை ஸ்டார்ட் செய்ததும் காதை அடைக்கிற உறுமல். நேற்று இரவு நிறுத்தும்போது ஒன்றும் இல்லை.

தம்பி: சைலன்சரில் ஓட்டை விழுந்திருக்கும் அக்கா. பழைய வண்டிதானே.

மாமா: முதலில் எஞ்சினை அணைத்துவிடு. டார்ச் அடித்துக் குனிந்து பார். ஜாக்கி போட்டு அடியில் நுழையாதே.

நான்: (போட்டோ) நடுவில் ஒரு முழத்துக்குக் குழாயே இல்லை மாமா. இரண்டு முனையும் பளபளவென்று இருக்கின்றன. ஒரு ஒயர் தொங்குகிறது.

மாமா: துருப்பிடித்து விழுந்திருந்தால் முனை பழுப்பாகப் பிய்ந்திருக்கும். இது ரம்பத்தால் அறுத்தது. கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத் திருடிவிட்டார்கள். தொங்குவது, புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் சென்சாரின் ஒயர்.

சித்தி: அந்த இரும்பு டப்பா எதற்கு அவர்களுக்கு?

மாமா: வெளியேதான் இரும்பு. உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான், அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. சில கிராம்தான், ஆனால் அத்தனையும் விலை உயர்ந்த உலோகம். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாக மாற்றுவது அந்தப் பூச்சுதான். மின்ரம்பம் இருந்தால் சில நிமிடத்தில் அறுத்துவிடுவார்கள்.

நான்: சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, அப்படியே மெக்கானிக்கிடம் போகட்டுமா?

மாமா: வேண்டவே வேண்டாம். புகை இப்போது பின்னால் போகாது, நீங்கள் உட்காரும் இடத்துக்கு அடியிலேயே வெளிவரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலியும் மயக்கமும் வந்த பிறகுதான் தெரியும். பழைய வண்டியின் தரைத்தகட்டில் எங்காவது ஒரு சின்ன ஓட்டை இருந்தால் போதும், உள்ளே ஏறிவிடும். இழுவை வண்டியைக் கூப்பிடு.

அண்ணன்: பிள்ளைகளை நான் கூட்டிப் போகிறேன், ஏழரைக்கு வந்துவிடுவேன். நீ போலீஸில் புகார் கொடு, நகல் வாங்கிக்கொள். இன்சூரன்ஸில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். பாலிசி தேர்ட் பார்ட்டி மட்டுமா?

நான்: இல்லை அண்ணா, காம்ப்ரிஹென்சிவ், நம் வண்டிக்கும் சேர்த்துத்தான். வாங்கும்போது நீ வற்புறுத்தியதால் எடுத்தது.

அண்ணன்: நல்லதாயிற்று. தேர்ட் பார்ட்டி என்றால் திருட்டுக்கு ஒன்றும் வராது. ஆனாலும் கிளெய்ம் போடுவதற்கு முன் உன் கையிலிருந்து எவ்வளவு போகும், நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாததற்குத் தரும் பிரீமியம் தள்ளுபடி) குறையுமா என்று கேள். செலவு வண்டியின் மதிப்பை நெருங்கினால் டோட்டல் லாஸ், அதாவது சரிசெய்வது கட்டுப்படியாகாது என்று முடித்துவிடவும் வாய்ப்பு உண்டு. அவர்கள் ஆள் பார்க்கும் முன் எதையும் மாற்றாதே, போட்டோ நிறைய எடுத்து வை.

நான்: எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது. பார்த்துப் பார்த்து வாங்கிய வண்டி. அழுகையாக வருகிறது.

சித்தி: அழாதே கண்ணு. யாருக்கும் அடிபடவில்லை. வண்டியைச் சரி செய்துகொள்ளலாம்.

தம்பி: அந்த இடத்தில் ஒரு நேர்க் குழாயை வெல்டிங் வைத்துவிட்டால் மலிவாக முடியாதா?

மாமா: அதைச் செய்யக் கூடாது தம்பி. புகைச் சோதனையில் தேறாது, பல நாடுகளில் சட்டவிரோதம். அதைவிட, சுத்தமாகாத புகையைத் தெருவில் நடக்கிற குழந்தைகள் சுவாசிக்க வேண்டியிருக்கும். எனக்கு அது மனது ஒப்பாது.

நான்: அப்படியானால் எதை வாங்குவது மாமா?

மாமா: கம்பெனி பாகம் விலை அதிகம். வேறு தயாரிப்பு வாங்கலாம், ஆனால் உன் மாடலுக்கும் எஞ்சினுக்கும் பொருந்தும் என்று சான்று உள்ளதாகப் பார். ரொம்ப மலிவானதில் பூச்சு குறைவாக இருக்கும், சீக்கிரமே டாஷ்போர்டில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பிக்கும். ஆதாரம் இல்லாத பழைய பாகம் வேண்டாம், அதுவும் யாருடைய வண்டியிலிருந்தோ அறுத்ததாக இருக்கலாம். சென்சார் விலையையும் கணக்கில் சேர்.

அப்புறம், புதிது மாட்டும்போதே அடியில் ஒரு கவசத் தகடு போடச் சொல். பதிவு எண்ணையும் அதன்மேல் பொறித்துவிடு. புதுப் பாகம் வந்திருக்கும் என்று தெரிந்து திரும்பவும் வருவார்கள்.

நான்: சரி மாமா. இழுவை வண்டிக்குச் சொல்லிவிட்டேன், பத்து மணிக்கு வருகிறது. அதற்குள் ஸ்டேஷனுக்குப் போய் வருகிறேன்.

அண்ணன் (7:28): வாசலில் நிற்கிறேன். பிள்ளைகளை அனுப்பு. நீயும் ஏறு, ஸ்டேஷனில் விட்டுவிடுகிறேன்.