மறு: ‘அசெம்பிள்’ – அணிவகுத்தலா, கோத்தலா?

அன்பின் குழுவினருக்கு,

லினக்ஸில் பல வட்டுகளை ஓர் அணியாக (‘அர்ரே’) இயக்கும் எம்டிஏடிஎம் மென்பொருள் பற்றிய நம் தமிழ்க் குறிப்பில், பிரிந்த வட்டுகளைச் சேர்த்து அணியை இயங்கவைக்கும் ‘அசெம்பிள்’ கட்டளைக்கு என்ன சொல் என்பது கேள்வி. ஒருவர் எழுதியிருந்தார்:

> ‘அர்ரே’ அணி என்றால், ‘அசெம்பிள்’ அணிவகுத்தல்தானே? இயல்பாக வந்து பொருந்துகிறது.

காதுக்கு இனிமைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் குறிப்பை ஒருவர் எப்போது திறப்பார் என்று பாருங்கள். எம்டிஏடிஎம் மென்பொருளை மேம்படுத்திவிட்டு வழங்கியை மறுதொடக்கம் செய்திருப்பார். இயங்குதளம் உள்ள மூல வட்டு கிடைக்கவில்லை என்று சொல்லி, கணினி பிசிபாக்ஸ் என்ற அவசரக் கட்டளைத் திரையில் நின்றிருக்கும். அலுவலகமே அவர் முதுகுக்குப் பின்னால் காத்திருக்கும். அந்த நேரத்தில் ‘வகு’ என்ற சொல் கண்ணில் பட்டால், வட்டைப் பிரிக்கச் சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பார். ஆரம்பப் பள்ளியிலிருந்து வகுத்தல் என்றால் பிரித்தல்தானே!

இவ்வளவுக்கும் பெரும்பாலும் வட்டுகளில் கோளாறே இருப்பதில்லை. ஒவ்வொரு வட்டிலும் அது எந்த அணியைச் சேர்ந்தது என்ற அடையாள எண் எழுதப்பட்டிருக்கிறது. கணினி தொடங்கும்போது முதலில் நினைவகத்தில் ஏறும் தொடக்க நினைவகப் படிமத்தில் (இனிட்ராம்எஃப்எஸ்) உள்ள எம்டிஏடிஎம் அதைப் படித்து, ஒரே எண் கொண்ட வட்டுகளை ஒன்றுசேர்க்கிறது. மேம்படுத்தலின்போது அந்தப் படிமம் புதிதாக எழுதப்படும். அமைவுக் கோப்பில் அணிக்கான வரி விடுபட்டு, வட்டில் பதிந்துள்ள கணினியின் பெயரும் ஒத்துப்போகாவிட்டால், சொந்த அணியே அயலார் அணிபோல நடத்தப்பட்டு, ‘எம்டி0’ என்ற பெயருக்குப் பதில் ‘எம்டி127’ போன்ற பெயரைப் பெற்றுவிடும். தொடக்க அமைப்பு பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வட்டுகளைக் கையால் ஒருமுறை சேர்த்துக் கணினியைத் தொடங்கி, அமைவுக் கோப்பைத் திருத்தி, படிமத்தை மறுபடி உருவாக்கினால் வேலை முடிந்தது.

பிரிந்து கிடப்பவற்றை, அவற்றில் எதையும் மாற்றாமல், முன்பிருந்தபடியே சேர்ப்பதற்குத் தமிழில் ‘கோத்தல்’ இருக்கிறதே. மணியைக் கோத்தால் மணி மாறுவதில்லை.

இன்னொருவர் சொன்ன ‘கட்டமைத்தல்’ எனக்கு அச்சமூட்டுகிறது. எம்டிஏடிஎம்மில் ‘கிரியேட்’, ‘பில்ட்’, ‘அசெம்பிள்’ மூன்றும் தனித்தனி வேலைகள். ஏற்கெனவே உள்ள அணியின் மேல் ‘கிரியேட்’ கொடுத்தால் வட்டுகளின் அடையாளத் தகவல் புதிதாக எழுதப்படும். வட்டுகளின் வரிசையோ, தரவைப் பிரித்தெழுதும் துண்டளவோ மாறிப்போனால் தரவு கைக்கு எட்டாமல் போகக்கூடும். பதற்றத்தில் இருப்பவருக்குக் கட்டமை, உருவாக்கு இரண்டும் ஒன்றாகவே படும். பழுதான வட்டை மாற்றிய பின் நடப்பதை ‘மறுகட்டமைப்பு’ என்று நாமே எழுதிவருகிறோம், அதுவும் குழப்பம் கூட்டும். ஆகவே கிரியேட் – உருவாக்கு, பில்ட் – கட்டமை, அசெம்பிள் – கோ.

‘கோ’ என்று ஒற்றை எழுத்தாக நின்றால் அரசனா, ஆங்கிலத்தில் போகச் சொல்வதா என்ற சந்தேகம் வருவது உண்மை. எனவே திரைச் செய்திகளில் ‘அணியைக் கோக்கவும்’, ‘அணி கோக்கப்பட்டது’ என்று முழுதாக எழுதலாம். ‘கோர்த்தல்’ வேண்டாம். பேச்சில் ரகரம் நுழைந்துவிட்டது என்பதற்காக எழுத்திலும் நுழைக்க வேண்டியதில்லை.

இதே குறிப்பில், வட்டு குறைந்தும் இயங்கும் அணியைச் சொல்லும் ‘டிகிரேடட்’ என்பது ‘சீரழிந்த அணி’ ஆகியிருக்கிறது. படிப்பவர் தலையில் கைவைத்துவிடுவார்! ஒரே தரவை இரு வட்டிலும் வைக்கும் ரெய்டு 1 அணியில் ஒன்று விலகினால், இயங்கும் ஒவ்வொரு வட்டுக்கும் ஒரு ‘யூ’ காட்டும் நிலைக் கோப்பில் ‘யூ யூ’ என்றிருந்த இடத்தில் ஒரு ‘யூ’வும் ஓர் அடிக்கோடும் தெரியும், அவ்வளவுதான். தரவு முழுதாக இருக்கிறது, இன்னொரு வட்டும் போனால்தான் ஆபத்து. ‘குறைவட்டு அணி’ என்று எழுதலாம் என்பது என் கருத்து. என்ன குறைந்தது என்பது சொல்லிலேயே தெரிகிறது, அடுத்து என்ன வாங்க வேண்டும் என்பதும் தெரிகிறது. ரெய்டு 5, 6 இரண்டுக்கும் இது பொருந்தும். ரெய்டு 0-க்கு இந்தச் சொல் தேவைப்படாது. அதில் ஒரு வட்டு போனால் அணியே போய்விடும்.

‘சீரழிந்த’ என்பதை மட்டுமாவது இந்த வெளியீட்டுக்கு முன் மாற்றிவிடுவோமா? ‘கோத்தல்’ பற்றி மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
எம்டிஏடிஎம் குறிப்பின் மெய்ப்புப் பார்ப்பவன்