பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு எந்தப் படிப்பு? எங்கள் வீட்டில் நடந்தது

அண்ணன் மகள் பிளஸ் டூ முடித்த வருடம் நடந்ததைச் சொல்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் ஊர், அரசுப் பள்ளி, பயாலஜியும் கணக்கும் சேர்ந்த குரூப். கணக்கு 82, இயற்பியல் 84, வேதியியல் 88. இன்ஜினியரிங் கட்-ஆஃபுக்குக் கணக்கு அப்படியே, மற்ற இரண்டும் பாதி. 82, 42, 44 கூட்டினால் 200-க்கு 168. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, ஃபீஸை அரசாங்கமே கட்டிவிடும். அதனால் மாமன்மார் எல்லோரும் ஒரே குரலில், "கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைச்சா கண்ணை மூடிக்கிட்டுச் சேர்த்துரு" என்றார்கள்.

அண்ணனும் நானும் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒரு தனியார் கல்லூரிக்குப் போனோம். நுழைந்ததும் பெரிய போர்டு, வேலை கிடைத்தவர்கள் என்று வரிசையாகப் போட்டோக்கள். அதில் ஒருவன் எங்கள் பக்கத்துத் தெருப் பையன். ஊருக்குத் திரும்பியதும் நேரே அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "ஆஃபர் லெட்டர் வந்துச்சுண்ணே, வேலைக்குச் சேரச் சொல்லி ஒரு வருஷமாகியும் கூப்பிடல" என்றான். அப்போது அப்பா கடை பில்லிங்கில் உட்கார்ந்திருந்தான். நன்றாகப் படிக்கிற பையன், அவன்மேல் ஒரு தப்பும் இல்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. போர்டைப் பார்த்தே முடிவு பண்ணியிருப்போமே என்ற பயம்தான்.

அதே வாரம் அப்பத்தாவுக்குக் கண்ணாடி எழுதிக்கொள்ள மதுரை வரவேண்டியிருந்தது. ஒரு மாதத்துக்கு முன் அண்ணாநகர் அரவிந்தில் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய ஆஸ்பத்திரி. எங்கள் பக்கத்துக் கிழவிகளில் பாதிப் பேருக்கு அங்கேதான் கண் தெளிந்தது. பாப்பாவும் கூட வந்தாள். ஆரப்பாளையத்தில் இறங்கி அடுத்த பஸ் பிடித்துப் போனோம்.

இருட்டறையில் ஒரு பெண், இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். சின்ன டார்ச் மாதிரி ஒன்றை அப்பத்தா கண்ணுக்கு நேரே பிடித்து, ஒளிக்கீற்றை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தது. ரெட்டினோஸ்கோப் என்று பேர். நோயாளி வாய் திறக்காமலே பவர் ஏறக்குறைய எவ்வளவு என்று அதிலேயே தெரிந்துவிடுமாம். அப்புறம் கனமான ஒரு கண்ணாடிச் சட்டத்தை மாட்டி, பெட்டியிலிருந்து ஒவ்வொரு வில்லையாக எடுத்துச் செருகியது. அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. சுவரில் மூன்று விரல் நீட்டிய மாதிரி ஒரு குறி. அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் விரலைக் காட்டணும். அப்பத்தா வெட்கப்பட்டுக் கையை மடியிலேயே வைத்திருந்தது. அந்தப் பெண் கையைப் பிடித்து, மூன்று விரலைத் தானே விரித்துவிட்டு, "இப்படித்தான் பாட்டி, தப்பாப் போனாலும் பரவாயில்ல" என்றது. கடைசி வரி வரைக்கும் அப்பத்தா சரியாகக் காட்டியது.

வெளியே வந்த பாப்பா திரும்ப உள்ளே போய், "அக்கா, நீங்க என்ன படிச்சீங்க?" என்று கேட்டாள். பி.எஸ்சி. ஆப்டோமெட்ரி, அதாவது கண்ணைப் பரிசோதித்துப் பவர் பார்க்கிற படிப்பு. எங்கள் வீட்டில் அந்தப் பேரை யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

விசாரித்தபோது தெரிந்ததை எழுதுகிறேன், யாருக்காவது உதவும். பாப்பா சேர்ந்தபோது நான்கு வருடப் படிப்பு, அதில் கடைசி ஒரு வருடம் ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி. அப்போது நீட் இல்லை, பிளஸ் டூ மார்க்தான். முக்கியமாகப் பார்க்கவேண்டியது, டிகிரியா டிப்ளமோவா, எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைப்பு என்பது. பேர் ஒரே மாதிரி இருக்கும், சான்றிதழ் வேறாக இருக்கும். மருத்துவம் சார்ந்த இந்த மாதிரிப் படிப்புகளுக்கென்றே 2021-இல் மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்ததால், அங்கீகாரம் இனிமேல் இன்னும் முக்கியம். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது என்று அந்தப் பெண்ணே மறைக்காமல் சொன்னது. எனக்கு அதனாலேயே நம்பிக்கை வந்தது. படித்து முடித்து மூன்று வருடம் ஆனவர்கள் இரண்டு பேரிடமும் பேசினோம். ஒருவர் கண்ணாடிக் கடையில், ஒருவர் காண்டாக்ட் லென்ஸ் பிரிவில். இருவரும் படித்த வேலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாப்பா சேர்ந்துவிட்டாள். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது, பஸ்ஸுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் அது போதும்.

மேலூர்க்காரர் ஒருவரின் அனுபவம்:

நான் ஒத்தக்கடை வேளாண் கல்லூரி, யானைமலைக்குப் பக்கத்தில். "மம்பட்டி பிடிக்கவா நாலு வருசம்?" என்று ஊரே கேட்டது. இறுதி ஆண்டில் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்தேன், அங்கேதான் எனக்குப் பிடிப்பு வந்தது. பிறகு வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வு எழுதி வேலைக்கு வந்தேன். நான்கு வருட வேளாண் பட்டம் இருந்தால் எழுதலாம். போன வாரம் கொட்டாம்பட்டிப் பக்கம் கிணற்றுக் கடனுக்குப் பார்க்கப் போனேன். மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்ததும் அந்தப் பெரியவர், "நம்மாளுதான்" என்றார். உசிலம்பட்டித் தம்பி, பாப்பா இப்போது எந்த வருடம்?

திருநகர் அம்மா ஒருவர்:

என் மகள் சி.ஏ. படிக்கிறேன் என்றாள். ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் எடுக்கிற பயிற்சி, மூன்று வருடமாக இருந்தது, 2023-இல் வந்த புது முறையில் இரண்டு வருடம். அதனால் எனக்கும் சம்மதம். லீவில் தெரிந்த ஆடிட்டர் ஆபீஸில் ஒரு வாரம் உட்காரவைத்தேன். ஆறாவது நாள், "இது எனக்கு ஆகாதும்மா" என்று அழுதாள். இப்போது பி.எஸ்சி. கணிதம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள், குரலே மாறியிருக்கிறது.

மேலூர் அண்ணனுக்கு:

மூன்றாம் வருடம் அண்ணே. போன ஞாயிற்றுக்கிழமை அந்த டார்ச்சைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். விளக்கை அணைத்து அப்பத்தாவை நாற்காலியில் உட்காரவைத்தாள். இவள் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே அப்பத்தா மூன்று விரலை விரித்து நீட்டிக்கொண்டிருந்தது.